நடந்தே திரும்பி வந்த ஓநாய்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ஓநாய், கரடி, லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, புலி போன்ற பெரிய வேட்டை விலங்குகள், தாங்கள் அடியோடு அழிந்துபோன நிலப்பரப்புகளுக்கு மறுபடி வந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் மகிழ்ச்சியும் கோபமும் ஏறத்தாழ சரிபாதி. கோபமான கடிதங்களைத்தான் நான் அதிக முறை படித்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் இருபத்து மூன்று ஆண்டுகள் காட்டில் வேட்டை விலங்குகளின் எச்சம், அதாவது மலம், பொறுக்கியவள். எச்சத்தைச் சல்லடையில் போட்டுக் கழுவி, மிஞ்சும் முடியைக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். முடியின் நடுத்தண்டு ஒவ்வொரு விலங்குக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைக் கொண்டு அந்த விலங்கு மானைத் தின்றதா, ஆட்டைத் தின்றதா என்று சொல்லிவிடலாம். கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த வேலையிலிருந்து வந்தவை.

கேள்வி: ஒரு விலங்கு ஓரிடத்தில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக இல்லை என்கிறீர்கள். பிறகு அது தானாகத் திரும்பி வந்தது என்றும் சொல்கிறீர்கள். யாராவது கொண்டுவந்து விட்டிருக்க மாட்டார்களா?

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்லை. ஓநாய் திரும்பி வந்த ஊர்களில் எல்லாம் "ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்" என்ற பேச்சு எழுந்திருக்கிறது. சில விலங்குகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் விட்டது உண்மைதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் மேற்கு ஐரோப்பாவின் ஓநாய்கள் நடந்தே வந்தவை.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓநாய்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கூட்டமாக வாழ்வது நின்றுவிட்டது. அதன் பிறகும் கிழக்கே போலந்திலிருந்து ஒன்றிரண்டு எல்லை தாண்டி வந்துகொண்டேதான் இருந்தன. வந்தவற்றைச் சுட்டுவிட்டார்கள். 1990-இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு நாடு முழுவதும் ஓநாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1998-இல் போலந்தும் ஓநாய் வேட்டையைத் தடை செய்தது. இரண்டே ஆண்டுகளில், 2000-இல், சாக்சனி மாநிலத்தின் ஒரு ராணுவப் பயிற்சித் திடலில் குட்டிகள் பிறந்தன. யாரும் எதையும் கொண்டுவரவில்லை. சுடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே போய் ஏன் குட்டி போட்டது என்று நானும் வியந்ததுண்டு. சத்தம் பழகிவிடும். அந்தத் திடலுக்குள் பொதுமக்கள் வர முடியாது. வேட்டைக்காரர்களும் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. உள்ளே மானும் காட்டுப்பன்றியும் நிறைய. ஜெர்மனியில் ஓநாய் பரவியதை ஆராய்ந்தவர்கள், முதலில் குடியேறிய கூட்டங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ராணுவத் திடல்களில்தான் இடம் பிடித்தன என்று கண்டார்கள். பெயர்பெற்ற காப்பகங்கள் கூட அதற்கு அடுத்தபடிதான். இன்று அந்த நாட்டில் ஓநாய்க் கூட்டங்கள் இருநூறைத் தாண்டிவிட்டன.

ஓநாய்க் குட்டி ஒன்றிரண்டு வயதானதும் தாய் தகப்பனை விட்டுக் கிளம்பிவிடும். துணையும் சொந்தமாக ஓர் இடமும் கிடைக்கும்வரை நடக்கும். எவ்வளவு தூரம் என்பதற்கு ஸ்லாவ்ட்ஸ் என்ற ஓநாயின் கதை போதும். 2011 கோடையில் ஸ்லோவேனியாவில் அதன் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டினார்கள். டிசம்பரில் அது கூட்டத்தை விட்டுப் புறப்பட்டது. நெடுஞ்சாலைகளைக் கடந்தது. திராவா ஆற்றை நீந்திக் கடந்தது. ஆஸ்திரியாவின் பனிமலை வழியாக இறங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 2012 வசந்தத்தில் இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே உள்ள லெசினியா மலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு பெண் ஓநாய் தனியாகத் திரிந்துகொண்டிருந்தது. வெரோனா பக்கம் என்பதால் அதற்கு ஜூலியட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் ஓநாய் மேற்கிலிருந்து, இத்தாலிய ஓநாய் வம்சத்திலிருந்து வந்தது. ஸ்லாவ்ட்ஸ் கிழக்கிலிருந்து, பால்கன் பக்கத்து வம்சத்திலிருந்து வந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றையொன்று காணாத இரண்டு வம்சங்கள் அந்த மலையில் சந்தித்தன. அடுத்த ஆண்டு குட்டிகள் பிறந்தன.

இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த மலையில் இன்னொரு ஓநாய் இருப்பது ஸ்லாவ்ட்ஸுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வழியில்லை. கிடைக்கும்வரை நடந்தது.

கேள்வி: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாயைக் கொண்டுவந்து விட்டதும் ஆறுகளே தடம் மாறி, காடு முழுவதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியே பெரிய விஷயம் என்பதால் மீதியைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

யெல்லோஸ்டோனில் கடைசி ஓநாய்களை 1926-இல் கொன்றார்கள். கொன்றது பூங்காவின் ஊழியர்களே. அந்தக் காலத்தில் அதுதான் கொள்கை. 1995-இல் 14 ஓநாய்களையும் 1996-இல் 17 ஓநாய்களையும் கனடாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அப்போது பூங்காவின் வடபகுதியில் எல்க் மான்கள் 19,000 அளவில் இருந்தன. பிறகு அது பல மடங்கு குறைந்தது. ஓநாய் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் கிரிஸ்லி கரடியும் பூமாவும் பெருகின. பூங்காவுக்கு வெளியே மனிதர்களின் வேட்டையும் நடந்தது. வறட்சியும் வந்தது. கயோட்டி என்ற சிறிய ஓநாய் போன்ற விலங்குகள் முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஓநாய் அடித்த மானின் மிச்சத்தை அண்டங்காக்கை, கழுகு, கரடி என்று ஒரு பட்டாளமே தின்று வாழ்கிறது. இதெல்லாம் நேரில் பார்த்து எண்ணப்பட்டவை.

ஆறு விஷயத்துக்கு வருவோம். ஓநாய் இல்லாத எழுபது ஆண்டுகளில் மான்கள் ஓடைக்கரை வில்லோ செடிகளை மேய்ந்து தீர்த்தன. வில்லோ இல்லாமல் பீவர் என்ற கொறிவிலங்குகள் போய்விட்டன. பீவர்கள் கட்டும் அணைகள் இல்லாமல் ஓடை வேகமாக ஓடி, படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டது. நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. ஓநாய் வந்து மான் குறைந்த பிறகும் வில்லோவின் வேருக்கு எட்டாத ஆழத்தில் தண்ணீர் இருந்தால் செடி எப்படி வளரும்? 2001-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில இடங்களில் மான் புகாமல் வேலி போட்டார்கள். சில இடங்களில் பீவர் கட்டுவதுபோலவே செயற்கை அணை கட்டினார்கள். வேலியும் அணையும் சேர்ந்திருந்த இடத்தில்தான் வில்லோ நன்றாக ஓங்கி வளர்ந்தது. பூங்காவின் சில ஓடைகளில் வில்லோவும் பீவரும் திரும்பியிருக்கின்றன. எல்லா ஓடையிலும் இல்லை.

ஒரு விலங்கை அழித்துவிட்டு எழுபது ஆண்டு கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த எழுபது ஆண்டில் நிலமே வேறாகிவிடுகிறது.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கச் சொன்னாள். புலியைப் பிடித்து வேறு காட்டில் விட்டால், அது பழைய வீட்டுக்குத் திரும்பிப் போய்விடாதா?

போகும், கண்ணு. நிஜமாகவே ஒரு புலி அப்படிக் கிளம்பியது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் பன்னா என்று ஒரு காடு. கள்ள வேட்டையால் அங்கே 2009-இல் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. முதலில் இரண்டு பெண்புலிகளை வேறு காடுகளிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நவம்பரில் பெஞ்ச் என்ற காட்டிலிருந்து ஓர் ஆண்புலியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு டி-3 என்று பெயர். சில நாள் அடைப்புக்குள் வைத்திருந்து திறந்துவிட்டார்கள். அது கொஞ்ச நாள் சுற்றிப் பார்த்தது. அப்புறம் தெற்குப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. பெஞ்ச் இருப்பதும் தெற்கேதான்! வழியில் வயல், ஊர், சாலை எல்லாம் இருந்தன. வனத்துறையினர் யானைகளில் ஏறிக்கொண்டும், ரேடியோ பட்டையின் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டும் ஒரு மாதம் பின்னாலேயே போனார்கள். டிசம்பர் 25-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மறுபடியும் போய்விட்டால்? அதற்கு ஒரு யோசனை செய்தார்கள். பெண்புலியின் சிறுநீரைக் காட்டில் ஆங்காங்கே தெளித்தார்கள். புலிகளுக்கு அதுதான் கடிதம். "இங்கே நான் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கும். டி-3 அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தங்கிவிட்டது. 2010 ஏப்ரலில் பன்னாவில் குட்டிகள் பிறந்தன. இப்போது அங்கே ஐம்பதுக்கும் மேல் புலிகள்.

உன் அம்மாவுக்கும் ஒரு செய்தி. இதனால்தான் இடம் மாற்றும் விலங்கைச் சில வாரங்கள் புதிய காட்டிலேயே அடைப்புக்குள் வைத்துப் பழக்குவது. யெல்லோஸ்டோன் ஓநாய்களைப் பத்து வாரம் அப்படி வைத்திருந்தார்கள். அதனாலும் எல்லா விலங்கும் தங்கிவிடுவதில்லை.

கேள்வி: ஆடு வளர்க்கிறேன். ஒரே ராத்திரியில் பதினொரு ஆடு செத்துக் கிடந்தது. தின்றது ஒன்றில் பாதி. பசிக்குத் தின்றால்கூட மனசு ஆறும். உங்களுக்கு இது கட்டுரை. எனக்கு இது பிழைப்பு. ஓநாய் திரும்பி வருவதை ஏன் நல்ல செய்தி என்று எழுதுகிறீர்கள்?

ஐயா, உங்கள் கடிதத்தை நான் ஒரு வாரம் மேஜைமேல் வைத்திருந்தேன். சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அந்தப் பதினொரு ஆடுகள். காட்டில் ஓநாய் ஒரு மானை அடித்தால் மற்ற மான்கள் ஓடிவிடும். ஓநாய் அந்த ஒன்றைத் தின்னும். தீராவிட்டால் மறுநாளும் வந்து தின்னும். பட்டிக்குள் ஆடுகள் ஓட முடியாது. கண் முன்னே முட்டி மோதிக்கொண்டே இருக்கும். ஓடுவதைப் பிடி என்பது வேட்டை விலங்கின் உடம்பில் ஊறியது. அசைவு நிற்கும்வரை அது நிற்காது. ஆத்திரத்திலோ கொழுப்பிலோ செய்வதில்லை. ஆனால் இந்த விளக்கம் உங்கள் நஷ்டத்தில் ஓர் ஆட்டைக்கூடக் குறைக்காது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது, கொன்றது எது என்பதை உறுதிசெய்தார்களா? இதைக் கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வேலையின் மூன்றாம் ஆண்டில், பட்டிக்கு வெளியே கிடந்த தடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓநாய்தான் என்று எழுதிக் கொடுத்தேன். என்னோடு வந்த மூத்த கால்நடை மருத்துவர் எதுவும் சொல்லாமல் செத்த ஆட்டின் கழுத்துத் தோலை உரித்துக் காட்டினார். பல் இறங்கிய இடத்தில் உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. கட்டாமல் வெறும் ஓட்டையாக இருந்தால் செத்த பிறகு தின்றது. அந்த ஆட்டின் கழுத்தில் ஒன்றுமே இல்லை. காதும் தொடையும் விலாவும் கண்டபடி குதறப்பட்டு, அங்கெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. அது நாய்களின் வேலை. பழகிய வேட்டை விலங்கு அப்படி எங்கெங்கோ கடிக்காது. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை நானே கிழித்தேன். அன்றிலிருந்து தோலை உரித்துப் பார்க்காமல் எதையும் எழுதியதில்லை. நீங்களும் சோதனைக்கு ஆள் வரும்வரை செத்த ஆடுகளைப் புதைக்காமல், தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் பல இடங்களில் அதில்தான் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஓநாய் எங்கெல்லாம் திரும்பி வந்ததோ அங்கெல்லாம் நஷ்டம் ஒரே அளவில் இல்லை. இத்தாலியின் அப்ருட்ஸோ மலைகளில் ஓநாய் எந்தக் காலத்திலும் முழுதாக அழியவில்லை. அங்கே மேய்ப்பர்கள் மரேம்மா என்ற வெள்ளைக் காவல் நாய்களை விடாமல் வளர்த்து வந்தார்கள். ராத்திரியில் ஆட்டைக் கிடை அடைத்தார்கள். கூடவே படுத்தார்கள். அவர்களுக்கும் நஷ்டம் உண்டு. ஆனால் என்ன செய்வது என்று தெரியும். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைக்கு 1992-இல் இத்தாலியிலிருந்து ஓநாய் வந்தபோது கதையே வேறு. அங்கே பல தலைமுறையாக ஓநாய் இல்லை. காவல் நாய் வளர்க்கும் பழக்கம் மேய்ப்பர்களிடம் விட்டுப்போயிருந்தது. மந்தைகள் பெருத்து, மேய்ப்பர்கள் குறைந்து, ஆடுகள் மலையில் ராத்திரியும் திறந்தவெளியிலேயே கிடந்தன. நார்வேயில் ஏறத்தாழ 20 லட்சம் ஆடுகளைக் கோடையில் காவலே இல்லாமல் மலையில் அவிழ்த்துவிடுகிறார்கள். இங்கெல்லாம் ஓரிரு ஓநாய் வந்தாலே பெரும் சேதம்.

விலங்கு அழிந்த காலத்தில் அதனோடு வாழத் தெரிந்த அறிவும் அழிந்துபோனது. விலங்கு நாலைந்து ஆண்டில் திரும்பிவிடுகிறது. அந்த அறிவு திரும்ப ஒரு தலைமுறை ஆகிறது. இந்த இடைவெளியில் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள். ஓநாய் வரட்டும் என்று வாக்களித்தவர்களும், என்னைப் போல எழுதியவர்களும் அந்த நஷ்டத்தைச் சுமப்பதில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

செய்யக்கூடியவற்றில் என் கண்ணால் பலன் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன். காவல் நாய் முதலாவது. குட்டியாக இருக்கும்போதே, ஏழெட்டு வாரத்தில், ஆடுகளுக்கு நடுவே விட்டு வளர்க்க வேண்டும். மனிதர்கள் அதைக் கொஞ்சிக் கெடுக்கக் கூடாது. ஆடுதான் தன் குடும்பம் என்று அது நினைக்க வேண்டும். நமீபியாவில் சிவிங்கிப்புலிகளை (சீட்டா) ஆடு வளர்ப்பவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் கங்கால் வகை நாய்க்குட்டிகளை அவர்களுக்கு வளர்த்துக் கொடுத்து வருகிறது. நாய் வந்த மந்தைகளில் இழப்பு வெகுவாகக் குறைந்தது. பெரும்பாலும் அந்த நாய் சண்டை போடுவதுகூட இல்லை. எழுந்து நின்று குரைக்கும். காயம் பட்டால் பட்டினி என்பதால் வேட்டை விலங்கு ஒதுங்கிவிடும்.

அடுத்தது, மின்வேலி போட்ட இரவுப் பட்டி. வேலியின் கீழ்க்கம்பி தரையை ஒட்டி இருக்க வேண்டும். ஓநாய் தாண்டுவதைவிட அடியில் நுழைவதைத்தான் முதலில் முயலும். மின்வேலி வரும்வரை அவசரத்துக்குக் கொடிக்கயிறு கட்டலாம். ஒரு கயிற்றில் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புத் துணித் துண்டுகளைத் தொங்கவிட்டுப் பட்டியைச் சுற்றிக் கட்டுவது. கிழக்கு ஐரோப்பாவில் வேட்டைக்காரர்கள் ஓநாயை வளைத்துப் பிடிக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். காற்றில் ஆடும் அந்தத் துணியைக் கடக்க ஓநாய் அஞ்சும். கொல்வதற்கு உதவிய கயிறு இன்று காப்பதற்கு உதவுகிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள். அதற்குள் ஓநாய்க்குப் பழகிவிடும்.

இழப்பீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செத்த ஆட்டைக் காட்டினால் பணம் என்ற முறையில், பிணம் கிடைக்காதவனுக்கு எதுவும் கிடைக்காது. ஸ்வீடனில் 1996 முதல் வேறொரு முறை இருக்கிறது. அங்கே ரெயின்டீர் மான்களை மேய்க்கும் சாமி என்ற பழங்குடிச் சமூகத்தாருக்கு, அவர்கள் மேய்ச்சல் நிலத்தில் எத்தனை லின்க்ஸும் வால்வரின் என்ற வேட்டை விலங்கும் குட்டி போட்டன என்று எண்ணி, அந்தக் கணக்கில் அரசு பணம் தருகிறது. எத்தனை ரெயின்டீர் செத்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. நன்றாகக் காவல் காத்தவனுக்கும் பணம் குறையாது. குட்டி உயிரோடு இருப்பது அவர்களுக்கே வருமானம். குறைகள் அதிலும் உண்டு. ஆனாலும் நான் படித்தவற்றில் மேய்ப்பவரை மதிக்கும் முறை இதுதான்.

நல்ல செய்தி என்று ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள். அப்படியே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சென்ற இதழில் உங்கள் பட்டியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் அதை நல்ல செய்தி என்று சொன்னது தவறு. மன்னிக்க வேண்டும்.

கேள்வி: மனிதர்களைத் தாக்காதா?

எந்த விலங்கு என்பதைப் பொறுத்தது. ஓநாய் மனிதரைத் தாக்குவது மிக அரிது. தாக்கிய நிகழ்வுகளில் பெரும்பங்கு வெறிநோய் பிடித்த ஓநாய்களால் நடந்தவை. ஆகவே வெறிநோயைக் கட்டுப்படுத்திய நாடுகளில் ஆபத்து இன்னும் குறைவு. மனிதர் கையால் தின்னப் பழகிய ஓநாய் இன்னோர் ஆபத்து. எந்தக் காரணம் கொண்டும் தீனி வைக்காதீர்கள்.

கரடியும் புலியும் வேறு. இத்தாலியின் ட்ரென்டினோ பகுதிக்கு 1999 முதல் 2002 வரை ஸ்லோவேனியாவிலிருந்து பத்துக் கரடிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முன்கூட்டியே மக்களிடம் கேட்டபோது பத்தில் ஏழு பேருக்கு மேல் சம்மதம் சொன்னார்கள். இருபது ஆண்டில் கரடிகள் நூறை எட்டின. 2023 ஏப்ரலில் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞரை ஒரு தாய்க்கரடி கொன்றது. நேபாளத்தில் 2009-இல் 121 ஆக இருந்த புலிகள் 2022-இல் 355 ஆயின. பர்தியா தேசியப் பூங்காவை ஒட்டிய ஊர்களில் புலியால் இறந்தவர்களும் கூடினார்கள். விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போக வேண்டியிருக்கிற ஏழைகள்தான் பெரும்பாலும் அவர்கள். புலி பெருகிய எண்ணிக்கையை வெளியிடும்போது இந்த எண்ணிக்கையையும் பக்கத்திலேயே வெளியிட வேண்டும்.

கேள்வி: இந்தியாவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது சிறுத்தையா, சிவிங்கிப்புலியா? பத்திரிகைகளில் மாறி மாறி வருகிறதே?

சிவிங்கிப்புலி. சிறுத்தை வேறு விலங்கு, அது இந்தியாவை விட்டு எங்கும் போகவில்லை. சிவிங்கிப்புலி 1952-இல் இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. முன்பு இங்கே இருந்தது ஆசிய வகை. அது இப்போது ஈரானில் மட்டும், விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறது. வந்திருப்பவை ஆப்பிரிக்க வகை. அதே குனோவுக்குக் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களைக் கொண்டுவர வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சிங்கங்கள் இன்னும் வரவில்லை. ஒரே நிலப்பகுதியில் அத்தனை சிங்கமும் இருக்கும்போது ஒரு தொற்றுநோய் போதும். எனக்கு இருக்கும் கவலை அதுதான்.

கேள்வி: விலங்கியல் படிக்கிறேன். எல்லாமே அழிந்துகொண்டிருக்கிறது என்றே வகுப்பில் கேட்கிறேன். மீண்டு வந்த கதை ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஐபீரிய லின்க்ஸ். காதில் கறுப்புக் குஞ்சமும் தாடியும் உள்ள பூனை இனம். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மட்டுமே உண்டு. அது ஏறத்தாழ முயலை மட்டுமே தின்று வாழ்வது. முயல்களை இரண்டு வைரஸ் நோய்கள் வாரிக்கொண்டு போயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவான லின்க்ஸ்களே மிஞ்சின. உலகில் ஒரு பூனையினம் நம் கண்ணெதிரே அழியப்போகிறது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

2005 மார்ச்சில் ஸ்பெயினின் டோன்யானாவில் உள்ள இனப்பெருக்க மையத்தில் சலியேகா என்ற பெண் லின்க்ஸ் மூன்று குட்டிகள் போட்டது. அடைப்பில் பிறந்த முதல் குட்டிகள். ஆறாவது வாரத்தில் குட்டிகளுக்குள் நடந்த சண்டையில் ஒன்று இறந்துவிட்டது. காத்திருந்து காத்திருந்து கிடைத்த மூன்றில் ஒன்று! அந்தச் சாவிலிருந்துதான் அந்த வயதில் லின்க்ஸ் குட்டிகள் ஒன்றையொன்று கொல்லும் அளவுக்கு மோதும் என்று தெரிந்துகொண்டார்கள். அடுத்தடுத்த ஈற்றுகளில் அந்த வாரங்களில் கேமராவை விட்டுக் கண் எடுக்காமல் காவல் இருந்தார்கள். கூடவே முயல்களைப் பெருக்கினார்கள். நெடுஞ்சாலைக்கு அடியில் சுரங்கவழி அமைத்தார்கள். நில உரிமையாளர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். இன்று 2,000-க்கு மேல் இருக்கின்றன. 2024 ஜூனில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை "அருகிவரும் இனம்" என்ற நிலையிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த "அழிவாய்ப்புள்ள இனம்" என்ற நிலைக்கு மாற்றியது. நீங்கள் படிப்பை விட்டுவிடாதீர்கள். அந்த மையத்தில் ராத்திரி முழுக்கக் கேமராவைப் பார்த்தவர்களில் பலர் உங்களைப் போன்ற மாணவர்கள்தான்.

கேள்வி: ஓநாய் போதுமான அளவு பெருகிவிட்டது, இனி சுடலாம் என்று ஐரோப்பாவில் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்களே?

ஆம். ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காப்பதற்கான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2024 டிசம்பரில் வாக்களித்து, ஓநாயைக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்கு இறக்கின. 2025 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றியது. நல்ல வேலியையும் மீறித் திரும்பத் திரும்பப் பட்டிக்குள் நுழையும் ஓர் ஓநாயைச் சுடுவதை நான் எதிர்க்கவில்லை. அதற்கு முன்பும் அனுமதி இருந்தது. எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று கண்ணில் பட்டதைச் சுடுவது வேறு. கூட்டத்தை நடத்தும் இணை செத்தால் கூட்டம் சிதறும். அனுபவமில்லாத குட்டி ஓநாய்கள் மான் பிடிக்கத் தெரியாமல் எளிதான இரையைத் தேடும். எளிதான இரை என்றால் ஆடுதான்.

கேள்வி: நடைப்பயணத்தில் ஈர மண்ணில் பெரிய தடம் ஒன்று பார்த்தேன். ஓநாயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு தடத்தை வைத்துச் சொல்லவே முடியாது. பெரிய நாயின் தடமும் ஓநாயின் தடமும் ஒன்றுபோல இருக்கும். தடங்களின் வரிசையைப் பாருங்கள். நாய் அங்குமிங்கும் மோப்பம் பிடித்து வளைந்து வளைந்து போகும். ஓநாய் ஒரு வேலையாகப் போகிற ஆள் மாதிரி நேராகப் போகும். பின்னங்கால் முன்னங்கால் தடத்திலேயே விழும். அந்த நேர்க்கோடு நூறு மீட்டருக்கு மேல் தொடர்ந்தால் சந்தேகப்படலாம். பக்கத்தில் ஓர் அளவுகோலோ பேனாவோ வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குக் கொடுங்கள். சமூக ஊடகத்தில் இடத்தைப் போடாதீர்கள். துப்பாக்கிக்காரரும் படிப்பார், ஆர்வத்தில் குட்டியைப் பார்க்க வருகிறவரும் படிப்பார்.

எச்சம் கிடந்தால் தொடாதீர்கள். குச்சியால் உதிர்த்து முகர்ந்தும் பார்க்காதீர்கள், அதில் நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம். கையுறையும், மாதிரி கெடாமல் வைக்க ஆல்கஹால் குப்பியும் வைத்திருக்கிறவர்கள் வந்து எடுக்கட்டும். அதில் கிடைக்கும் மரபணுவிலிருந்து ஓநாயா நாயா என்பதோடு, அது எந்தக் கூட்டத்தில் பிறந்து எங்கிருந்து நடந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுவார்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.